தறியில் இருந்த ஞானி: தக்கலை பீர் முஹம்மது அப்பா (ரஹ்)

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் இருக்கிறது தக்கலை. அங்கே ஒன்றுக்கொன்று அருகிலேயே இரண்டு இடங்களுக்கு மக்கள் வருகிறார்கள். ஒன்று பத்மநாபபுரம் அரண்மனை. வேணாட்டு மன்னர்களும் பிறகு திருவிதாங்கூர் மன்னர்களும் இருந்து ஆண்ட இடம். 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது. கட்டணம் செலுத்தி உள்ளே போய், மன்னர் படுத்த கட்டிலையும் வேலைப்பாடுள்ள மரத்தூண்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

மற்றொன்று, ஒரு நெசவாளி அடங்கியிருக்கும் இடம். அவர் ஆண்டது எதையும் இல்லை. அவருக்குச் சொந்தமாக இருந்ததாக நாம் கேள்விப்படுவது ஒரு தறி மட்டுமே. ஆனால் இந்தப் பகுதி முஸ்லிம் வீடுகளில் அந்த அரண்மனையைக் கட்டிய மன்னரின் பெயரைக் கேட்டால் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். நெசவாளியின் பெயரைச் சின்னக் குழந்தையும் சொல்லும். அவர்தான் ஞானமேதை பீர் முஹம்மது அப்பா ரஹ்மதுல்லாஹி அலைஹி அவர்கள்.

ஒரு முஸ்லிமுக்கு மதிப்பு எதனால் வருகிறது என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே இருக்கும் பதில் அப்பா அவர்களின் வாழ்க்கை.

அப்பா அவர்கள் பிறந்தது தென்காசியில். தந்தை சிறுமலுக்கர், தாயார் ஆமினா. வாழ்ந்த காலம் 17ஆம் நூற்றாண்டு என்பது பரவலான கருத்து. காயல்பட்டணத்தில் 1632இல் பிறந்து, 1703இல் மறைந்து கீழக்கரையில் அடங்கியிருக்கும் மாமேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் சமகாலத்தவர் என்றே நம் முன்னோர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

தென்காசியை விட்டுப் புறப்பட்ட அவர்கள் உடனே தக்கலைக்கு வந்துவிடவில்லை. மேற்கு மலைக் காடுகளில் நீண்ட காலம் தனித்திருந்து இறைவணக்கத்தில் ஈடுபட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன பீருமேடு, அப்பா அவர்கள் தங்கியிருந்ததால்தான் அந்தப் பெயரைப் பெற்றது என்று கூறப்படுகிறது. தமக்கென்று ஒரு சென்ட் நிலத்தைப் பத்திரம் பதிந்து வைக்காத ஒரு மனிதரின் பெயர் ஒரு மலைக்கே நிலைத்துவிட்டது.

மலையிலிருந்து இறங்கிய பிறகு தக்கலையில் தங்கினார்கள். அன்றைக்கு அது தலைநகரத்தின் வாசல். அரண்மனையை ஒட்டி வாழ்பவனுக்கு மானியம், பட்டம், பரிசில் என்று வழிகள் நிறைய உண்டு. புலவனாக இருந்தால் வழி இன்னும் எளிது. மன்னரைப் புகழ்ந்து நாலு பாட்டுப் பாடினால் போதும். அப்பா அவர்கள் எடுத்துக்கொண்டது தறி. தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து, பாவில் நாடாவை ஓட்டி, நெய்த துணியை விற்று, அதில் கிடைத்ததைக் கொண்டு சாப்பிட்டார்கள். தக்கலை முஸ்லிம்களின் பகுதியான அஞ்சுவண்ணத்தின் நினைவுகளில் இன்றும் தறியும் அப்பாவும் சேர்ந்தே வருகிறார்கள்.

உழைத்து உண்பதை நம் மார்க்கம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தன் கையால் உழைத்துச் சாப்பிடுவதைவிடச் சிறந்த உணவு இல்லை என்றும், அல்லாஹ்வின் நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலேயே உண்டார்கள் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை புகாரியில் காண்கிறோம். நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது முஸ்லிமில் வரும் ஹதீஸ். தாவூத் நபிக்கு அரசாட்சியும் இருந்தது. ஆனாலும் உண்டது கை உழைப்பில்.

தறியில் இருந்தபடியே அப்பா அவர்கள் பாடினார்கள். 18,000 பாடல்கள் பாடியதாகச் சொல்வது வழக்கம். ஞானப்புகழ்ச்சி, ஞானமலை வளம், ஞானரத்தினக் குறவஞ்சி, ஞானக்குறம், ஞானப்பால், ஞானப்பூட்டு, மஃரிபத்து மாலை, ஈடேற்ற மாலை, பிஸ்மில் குறம் என்று நூல்களின் பட்டியல் நீளும். இவற்றில் பேசப்படுபவன் அல்லாஹ் ஒருவன்தான். அவனைப் புகழ்வது, அவனிடம் அழுவது, அவன் மன்னிப்பைக் கேட்பது, தன்னை அறிந்து அவனை அறிவது. அருகில் இருந்த அரசனுக்கு அந்தப் புகழ்ச்சியில் இடமில்லை.

நூல்களின் பெயர்களையே சற்றுக் கவனியுங்கள். குறம், குறவஞ்சி என்று வருகிறது. ஊர் ஊராகக் கூடை சுமந்து அலைந்து குறி சொல்லும் குறத்தியின் பாட்டு அது. மஃரிபத் என்னும் உயர்ந்த விஷயத்தைச் சொல்ல, சமூகம் தாழ்வாக நினைத்த எளிய மக்களின் பாட்டு வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். மத்ரஸாவில் ஓதியவருக்கு மட்டும் விளங்கும் அரபுக் கிதாபாக இல்லாமல், அரபுச் சொற்கள் கலந்த தமிழில், சந்தத்தோடு, கேட்டவர் திரும்பப் பாடும்படி தந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத உம்மாக்களின் நாவுக்கும் அந்தப் பாடல்கள் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் தக்கலைக்கு வந்த செய்திக்கு வருவோம். கடலோர முஸ்லிம் ஊர்கள் அனைத்தும் மதித்த பெரும் ஆலிம் அவர்கள். பீர் முஹம்மது அப்பாவைப் பற்றிப் பலவாறாகக் கேள்விப்பட்டு, நேரில் விசாரித்து அறிய வந்தார்கள் என்றும், தறிக்குழியின் அருகில் நின்று பேசினார்கள் என்றும், மனம் நிறைந்து திரும்பினார்கள் என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தச் சந்திப்பில் நடந்த கராமத்துகளைப் பற்றியும் பல வரலாறுகள் உண்டு. அவற்றை விவரிப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. ஆலிம் அரண்மனைக்குப் போகவில்லை, நெசவாளியின் தறியைத் தேடி வந்தார் என்பதை நம் முன்னோர்கள் மறக்காமல் சொல்லிவைத்தார்களே, அதுவே நமக்குப் போதுமான பாடம்.

ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்காமல் பேச வேண்டியிருக்கிறது. நெசவு மதிக்கப்பட்ட தொழிலாக இருக்கவில்லை. ஃபிக்ஹு நூல்களில் திருமணத்துக்கான பொருத்தத்தைப் பேசும் கஃபாஅத் பாடத்தை ஓதியவர்களுக்கு இது தெரியும். ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவில், இரத்தம் குத்தி எடுப்பவர், தோல் பதனிடுபவர் ஆகியோரோடு நெசவாளியையும் சேர்த்துச் சொல்லும் இடம் உண்டு. மத்ரஸாவில் அந்தப் பாடத்தை ஓதியபோது எனக்கு அப்பா அவர்களின் நினைவு வந்தது. அந்தப் பட்டியலின்படி அவர்கள் எங்கே நிற்பார்கள்?

பிறகு புரிந்தது. அந்தச் சட்டம், ஊர் வழக்கத்தை அனுசரித்து, மணமாகிப் போகும் பெண்ணுக்கும் அவள் குடும்பத்துக்கும் சங்கடம் வராமல் காப்பதற்காகச் சட்ட அறிஞர்கள் பேசியது. ஊர் வழக்கம் மாறினால் அந்தப் பட்டியலும் மாறும். அல்லாஹ்விடத்தில் ஒருவருக்கு உள்ள தரத்தை அளக்கும் தராசாக அதை எந்த இமாமும் சொல்லவில்லை. அந்தத் தராசு ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில் இருக்கிறது. மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளவே என்றும், அல்லாஹ்விடம் மிகுந்த கண்ணியம் உடையவர் மிகுந்த தக்வா உடையவரே என்றும் அந்த வசனம் தெளிவாக்குகிறது.

தொழிலைச் சொல்ல நம் இமாம்கள் வெட்கப்பட்டதும் இல்லை. ஹிஜ்ரி 261இல் மறைந்த ஹனஃபி அறிஞர் கஸ்ஸாஃப், செருப்புத் தைத்துச் சாப்பிட்டவர். கஸ்ஸாஃப் என்ற பெயரின் பொருளே அதுதான். ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் தூண்களில் ஒருவரான கஃப்ஃபால் மர்வஸீ, பூட்டுச் செய்யும் தொழிலாளி. ஏறக்குறைய முப்பது வயதில்தான் கல்வி கற்கப் போனார். பக்தாதின் ஸூஃபி ஒருவருக்கு கைர் நஸ்ஸாஜ் என்று பெயர். நஸ்ஸாஜ் என்றால் நெசவாளி. தங்கள் தொழிலையே பெயராகச் சுமந்து அவர்கள் வரலாற்றில் நிற்கிறார்கள்.

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரியின் ஹதீஸ் ஒன்று உண்டு. வசதியான ஒருவர் கடந்து போகிறார். பெண் கேட்டால் கொடுப்பார்கள், பரிந்து பேசினால் ஏற்பார்கள் என்று அருகில் இருந்தவர் சொல்கிறார். அடுத்து ஓர் ஏழை போகிறார். பெண் கேட்டாலும் கிடைக்காது, பேசினாலும் கேட்க ஆளில்லை என்கிறார். முன்னவரைப் போன்றவர்கள் பூமி நிறைய இருந்தாலும் இந்த ஏழை அவர்களைவிடச் சிறந்தவர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இன்று ஆண்டுதோறும் ரஜப் பிறை 14 இரவில் தக்கலையில் ஞானப்புகழ்ச்சி பாடப்படுகிறது. விடிய விடியப் பாடுவார்கள். பாட்டனார் பாடியதைப் பேரன் பாடுகிறான். அந்த இரவுக்காக வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் உண்டு. அடக்கஸ்தலங்கள் சம்பந்தமாக நமக்குள் கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன. அதை அறிவோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அப்பா அவர்களின் வாழ்க்கை சொல்லும் பாடத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் ஜமாஅத்தில் நிர்வாகி யார் என்று வரும்போது தக்வாவைப் பார்க்கிறோமா, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் பார்க்கிறோமா? மாப்பிள்ளை பார்க்கும்போது தொழுகையைக் கேட்பதற்கு முன்னால் என்ன கேட்கிறோம்? எத்தனை பவுன், கைக்கூலி எவ்வளவு என்ற பேச்சு முடிந்த பிறகுதானே மஹர் தொகையே நினைவுக்கு வருகிறது? முடி திருத்துகிறவர், மீன் விற்கிறவர், பள்ளிவாசலைக் கூட்டுகிறவர் நம் வீட்டு விருந்தில் எந்தப் பந்தியில் உட்காருகிறார்? நம் பிள்ளைக்கு பீர் முஹம்மது என்று ஆசையாகப் பெயர் வைக்கிறோம். பீர் முஹம்மது அப்பாவைப் போன்ற ஒரு தறிக்காரர் நம் வீட்டில் பெண் கேட்டு வந்தால் என்ன பதில் சொல்வோம்?

செல்வம் பாவமில்லை. ஹலாலாகத் தேடி, ஸகாத் கொடுத்து, உறவுகளை ஆதரிக்கும் செல்வந்தர் அல்லாஹ்வின் அருளைப் பெற்றவர். அந்தச் செல்வத்தை வைத்து அடுத்தவரின் தரத்தை அளக்கத் தொடங்கும்போதுதான் நாம் வழி தவறுகிறோம். பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்றுவிட்டு, வாசலைத் தாண்டியதும் அவரவர் தட்டில் போய் நின்றுகொண்டால், அந்த ஸஃப் நமக்கு என்ன கற்றுத் தந்தது?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரண்மனையைக் காட்டுங்கள். வரலாறு தெரிய வேண்டும். திரும்பி வரும் வழியில் தறி நெய்த அந்த மனிதரின் வாழ்க்கையையும் சொல்லிக்கொடுங்கள்.

பெயரையும் பொருளையும் பார்க்காமல் உள்ளத்தையும் அமலையும் பார்க்கும் ரப்புல் ஆலமீன், நம் உள்ளங்களிலிருந்து பெருமையை அகற்றி, உழைப்பாளிகளைக் கண்ணியப்படுத்தும் நற்குணத்தையும், பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களைப் போன்ற நல்லடியார்களின் தக்வாவில் ஒரு பங்கையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.