திண்டுக்கல்லில் பீரங்கிப் பட்டறை வைத்த ஐதர் அலி

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். அடுத்தபடியாக, ஊரை ஒட்டித் தலையணை போலக் கிடக்கும் அந்த மொட்டைப் பாறை நினைவுக்கு வரும்.

பாறையின் உயரம் சுமார் 280 அடி. அதன்மேல் கோட்டை கட்டியவர்கள் மதுரை நாயக்கர்கள். பிறகு அது மைசூர்க்காரர்கள் கைக்குப் போயிற்று.

1755-ஆம் ஆண்டு அந்தக் கோட்டைக்கு ஒரு புதிய அதிகாரி வந்து சேர்ந்தார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் துப்பாக்கி நல்லது, அதை எந்த நேரத்தில் வாங்கினால் மலிவு என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அன்று தென்னாட்டில் வேறு எவருக்கும் தெரியாது.

அவர்தான் ஐதர் அலி.

தகப்பன் இல்லாத பிள்ளை

மைசூர் நாட்டில் கோலாருக்குப் பக்கத்தில் பூதிக்கோட்டை என்று ஓர் ஊர். அங்கேதான் ஐதர் பிறந்தார். தகப்பனார் பத்தே முகம்மது ஒரு படைத் தலைவர். ஐதர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவர் போரில் மாண்டு போனார்.

தகப்பன் போனதும் கடன் வந்து கதவைத் தட்டியது. பணத்தைக் கக்க வைப்பதற்காக ஐதரையும் அண்ணனையும் ஒரு பெரிய முரசுக்குள் அடைத்து, வெளியிலிருந்து முரசைக் கொட்டினார்கள் என்று சொல்வார்கள். உறவினர் ஒருவர் தலையிட்டுக் காப்பாற்றினார்.

இப்படி வளர்ந்த பையனுக்குப் பள்ளிக்கூடம் ஏது? பெரிய ராஜ்யத்தை ஆண்ட காலத்திலும் ஐதர் கையெழுத்துக்குப் பதிலாகத் தம் பெயரின் முதல் எழுத்தை மட்டுமே போடுவார். அதையும் தலைகீழாகத்தான் போடுவார்! ஆனால் ஞாபக சக்தி அபாரம். ஒரு முறை காதால் கேட்ட கணக்கை மறக்க மாட்டார்.

மைசூர்ப் படையில் சேர்ந்து, 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் ஐதர் பெயர் எடுத்தார். சிறு படை ஒன்று அவர் பொறுப்பில் வந்தது. கணக்கு எழுதக் கண்டே ராவ் என்பவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டார்.

செஞ்சிக்கு அருகே கிடைத்த சரக்கு

1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் தம் பாசறையிலேயே கொல்லப்பட்டார். அவருடைய பெரிய படை ஒரே இரவில் சிதறியது. கூடாரங்கள், குதிரைகள், பொக்கிஷ ஒட்டகங்கள் எல்லாம் கேட்பாரற்று நின்றன.

நிஜாமுக்குத் துணையாக வந்திருந்த மைசூர்ப் படையில் ஐதரும் இருந்தார். அவருடைய ஆட்கள் தங்க நாணயம் சுமந்த ஒட்டகங்களை ஓட்டிக் கொண்டு வந்தார்கள். இது எல்லாரும் செய்யக் கூடியதுதான். ஐதர் செய்த இன்னொரு காரியத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஓடிப்போனவர்கள் போட்டுவிட்டுப் போன துப்பாக்கிகளையும் சேர்த்துப் பொறுக்கினார். ஊர் திரும்பியபோது சுமார் 500 துப்பாக்கிகள் இருந்தன என்று வரலாறு எழுதிய ஆங்கிலேயர் வில்க்ஸ் சொல்கிறார்.

அந்தக் காலத்தில் நம் நாட்டுப் படைகளில் பெரும்பாலும் இருந்தது திரித் துப்பாக்கி. கயிற்றுத் திரியைப் பற்றவைத்து, அணையாமல் கையில் பிடித்துக் கொண்டு நிற்க வேண்டும். மழை வந்தால் திரி நனைந்து போகும். துப்பாக்கி வெறும் தடியாகிவிடும். பிரெஞ்சுக்காரர்களிடமும் ஆங்கிலேயர்களிடமும் இருந்தது வேறு ரகம். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் மோதிப் பொறி பறக்கும், மருந்து வெடிக்கும். முனையில் குத்துவாளும் மாட்டலாம்.

செஞ்சியில் அவர்கள் சண்டையிட்ட விதத்தை ஐதர் கண்ணால் பார்த்தார். பழைய ஆயுதத்தின் காலம் முடிந்துவிட்டது என்று அன்றே கண்டு கொண்டார். அப்படிக் கண்டு கொள்ளாத ராஜாக்களும் நவாபுகளும் அன்று பலர் இருந்தார்கள்.

திண்டுக்கல் பட்டறை

அதற்குப் பின் திருச்சிக்காக வருஷக் கணக்கில் சண்டை நடந்தது. 1755-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டையை நிறுத்திக் கொண்டார்கள். மைசூர்ப் படையும் ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்பியது. திருச்சி கிடைக்கும் என்று காத்திருந்த மைசூர் அமைச்சர் நஞ்சராஜருக்குக் கிடைத்தது கடன் சுமைதான்.

அந்த நேரத்தில் திண்டுக்கல் சீமைப் பாளையக்காரர்கள் வரி கட்ட மறுத்தார்கள். அவர்களை அடக்க ஐதரை பவுஜ்தாராக நியமித்து நஞ்சராஜர் அனுப்பினார்.

ஐதர் வந்தார். பாளையக்காரர்களோடு மோதினார். அதோடு, அமைச்சர் கேட்காத ஒரு காரியத்தையும் செய்தார். திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து தேர்ந்த தொழிலாளிகளைத் திண்டுக்கல்லுக்கு வரவழைத்தார். அவர்களுக்கு மேலே பிரெஞ்சு மேஸ்திரிகளை நியமித்தார். பீரங்கிப் படை, ஆயுதசாலை, வெடிமருந்துப் பட்டறை மூன்றையும் அங்கே தொடங்கினார்.

நேரத்தைப் பாருங்கள். சண்டை உச்சத்தில் இருந்தபோது இந்தத் தொழிலாளிகளைக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டார்கள்; வந்தாலும் கூலி கட்டுப்படியாகாது. சண்டை ஓய்ந்த வருஷம் பார்த்துக் கூப்பிட்டார். வந்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

அது அவ்வளவு அழகான கதை அல்ல.

பாளையக்காரர்களின் மாட்டு மந்தைகளை ஐதரின் ஆட்கள் ஓட்டிக் கொண்டு போய் விற்றார்கள். மாட்டை இழந்தவர்களில் குடியானவர்களும் இருந்தார்கள். திண்டுக்கல் சமவெளியில் ஏர் பூட்ட மாடில்லாமல் நின்றவன் வயிற்றெரிச்சலும் அந்தப் பீரங்கிகளில் சேர்ந்துதான் வார்க்கப்பட்டது.

இன்னொரு வழி நஞ்சராஜரின் கஜானா. சண்டை ஒன்றில் தம் ஆட்கள் பலர் காயம்பட்டதாக ஐதர் செய்தி அனுப்பினார். காயம்பட்டவர்களுக்குப் படி கொடுக்கத் தலைநகரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். வரிசையாகக் கட்டுப் போட்டுக் கொண்டு 700 பேர் படுத்திருந்தார்கள். எல்லாம் மஞ்சள் பூசிய துணிக் கட்டு. உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர்தான் என்கிறார் வில்க்ஸ். அதிகாரி தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

படையைக் கணக்கெடுக்க வந்தவர்களுக்கும் இதே கதிதான். வீரர்களை வட்டமாக நடக்க விட்டார்கள். எண்ணப்பட்டவனே சுற்றி வந்து மறுபடியும் நின்றான். பத்தாயிரம் பேர் பதினெட்டாயிரமாக எழுதப்பட்டார்கள்! மிச்சச் சம்பளம் ஐதர் கைக்கு வந்தது.

இது திருட்டுத்தான். ஆனால் அன்றைய அதிகாரிகள் பலரும் செய்த திருட்டு. மற்றவர்கள் அந்தப் பணத்தில் மாளிகை கட்டினார்கள். ஐதர் பீரங்கி வார்த்தார்.

எல்லாம் உடனே வெற்றியாகவும் முடியவில்லை. 1757 கடைசியில் ஐதர் திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சீமைக்குள் புகுந்து சோழவந்தானைப் பிடித்தார். ஆனால் நத்தம் கணவாய் அருகே யூசுப் கான், அதாவது நம் மருதநாயகம், அவரைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பினார்.

புதுச்சேரி விழுந்த மாதம்

திண்டுக்கல்லிலிருந்து தலைநகருக்குத் திரும்பிய ஐதர் மளமளவென்று உயர்ந்தார். பொறாமையும் கூடவே வளர்ந்தது. அவரிடம் கணக்கு எழுதிய அதே கண்டே ராவ் 1760-இல் அரண்மனையோடு சேர்ந்து அவருக்கு எதிராகத் திரும்பினார். ஐதர் குடும்பத்தைக்கூட விட்டுவிட்டு, இரவோடு இரவாகக் காவேரியைக் கடந்து பெங்களூருக்கு ஓட வேண்டியதாயிற்று. கையில் கொஞ்சம் ஆட்கள்தான் மிச்சம்.

1761 ஜனவரி 16. புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பிரெஞ்சு நாட்டுக்கு அது பெரிய துக்க நாள். ஆனால் ஐதருக்கு அது சந்தை கூடிய நாள்.

எஜமானன் இல்லாமல் நின்ற பிரெஞ்சுக் குதிரை வீரர்கள் சுமார் 300 பேர் ஐதரிடம் வந்து சேர்ந்தார்கள். பின்னோடு பீரங்கிக்காரர்களும், துப்பாக்கி பழுது பார்ப்பவர்களும், தச்சர்களும், கொல்லர்களும் வந்தார்கள். மற்ற நாளில் பொன்னைக் கொட்டினாலும் கிடைக்காத ஆட்கள் அவர்கள். ஓடி ஒளிந்திருந்த நிலையிலும் ஐதர் அவர்களைச் சேர்த்துக் கொண்டார்.

அந்த வருஷமே மைசூர் அவர் கைக்கு வந்துவிட்டது. கண்டே ராவைக் கிளி மாதிரி வைத்துக் கொள்வதாக அரண்மனைப் பெண்களுக்கு ஐதர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறவில்லை. இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் போட்டார்!

வேலு நாச்சியார் காத்திருந்தார்

1772-இல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதர் ஆங்கிலேயப் படையால் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியார் மகளோடு விருப்பாட்சிக்கு வந்து கோபால நாயக்கரிடம் தஞ்சம் புகுந்தார். ஐயாயிரம் குதிரை வீரரும் ஐயாயிரம் காலாட்களும் வேண்டும் என்று அமைச்சர் தாண்டவராய பிள்ளை ஐதருக்குக் கடிதம் எழுதினார். ராணி திண்டுக்கல் கோட்டையில் ஐதரைச் சந்தித்தார் என்றும், அவரோடு உருதுவில் பேசினார் என்றும் சொல்வார்கள்.

ஐதர் உதவ மறுக்கவில்லை. ஆனால் படை உடனே புறப்படவும் இல்லை.

காரணம் உண்டு. 1771-இல்தான் சின்குரளியில் மராட்டியர் அவரை நொறுக்கியிருந்தார்கள். பல வருஷம் சேர்த்த பீரங்கிகள் ஒரே நாளில் போயிருந்தன. 1769-இல் சென்னைக்கு அருகே கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி உதவிக்கு வர வேண்டிய ஆங்கிலேயர் வரவே இல்லை. மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

ஒரு விதவை ராணிக்கு எட்டு வருஷம் என்பது சின்னக் காலமா? ஐதர் தம் ஆயுதங்கள் தயாராகும் நாளை எண்ணிக் கொண்டிருந்தார். வேலு நாச்சியார் அவர் எண்ணி முடிக்கும் நாளுக்காகக் காத்திருந்தார். 1780-இல்தான் ஐதரின் உதவியோடும் மருது சகோதரர்களோடும் சிவகங்கையை மீட்டார்.

மாகி என்ற கடை

ஐதர் இரண்டாம் முறை ஆயுதம் சேர்த்தது பெரும்பாலும் மாகி வழியாக. மலையாளக் கரையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த சின்னத் துறைமுகம் அது. கப்பலில் துப்பாக்கியும் மருந்தும் வந்து இறங்கும், மைசூருக்கு ஏறும்.

1779 மார்ச்சில் ஆங்கிலேயர் மாகியைப் பிடித்தார்கள். அது தம் பாதுகாப்பில் இருக்கிறது என்று ஐதர் முன்பே எச்சரித்திருந்தும் கேட்கவில்லை. ஐதருக்குக் கடை அடைபட்டது. இனி இருப்பு குறையுமே தவிர, கூடாது. ஆகையால் இருப்பு நிறைந்திருக்கும்போதே போர் தொடுப்பது என்று தீர்மானித்தார்.

1780 ஜூலையில் சுமார் 80,000 பேர் கொண்ட படை கணவாய் வழியே ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கியது. பீரங்கிகளை இழுக்க மைசூர்க் காளைகள். இந்தக் காளைகளை வைத்துப் பின்னர் சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் நூறு மைல் போனார் என்று சொல்வதுண்டு.

அதே படையில் ராக்கெட்டுகளும் இருந்தன. வாணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் காகிதக் குழலிலும் மூங்கில் குழலிலும் மருந்தை ஓரளவுக்கு மேல் கெட்டிக்க முடியாது, குழல் வெடித்துவிடும். மைசூர்க்காரர்கள் இரும்புக் குழல் வைத்தார்கள். மருந்தை அழுத்தி அடைக்க முடிந்தது. வாணம் நெடுந்தூரம் போயிற்று.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூர். கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை ஐதரும் மகன் திப்புவும் சூழ்ந்து கொண்டார்கள். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. பெய்லி சிறைப்பட்டார். பின்னாளில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் இந்த ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் தம் நாட்டில் ராக்கெட் செய்தார். 2018-இல் கர்நாடக மாநிலம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் தோண்டி எடுக்கப்பட்டன. அந்த ஊர் 1763-இல் ஐதர் பிடித்த பிதனூர்தான்.

வராத கப்பல்

ஆயுதங்களில் ஒன்றை மட்டும் ஐதரால் நேரத்துக்கு வாங்க முடியவில்லை. அது கப்பற்படை.

1781 தொடக்கத்தில் கூடலூரில் ஆங்கிலத் தளபதி கூட் தானியம் இல்லாமல் தவித்தார். தரையில் ஐதர் மறித்து நின்றார். கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து நின்றன. இன்னும் கொஞ்ச நாள் நின்றிருந்தால் கூட்டின் படைக்குச் சோறு கிடைத்திருக்காது. ஐதர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிரெஞ்சுக் கப்பல் தலைவர் பிப்ரவரியில் பாயை விரித்துக் கொண்டு போய்விட்டார். ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் கூட் ஐதரைத் தோற்கடித்தார்.

அடுத்த வருஷம் சுப்ரேன் என்ற வீரமிக்க பிரெஞ்சுக் கப்பல் தலைவர் வந்தார். படைகளும் இறங்கின. ஆனால் அதற்குள் ஐதரின் முதுகில் ராஜபிளவை கிளம்பிவிட்டது. 1782 டிசம்பர் 7-ஆம் தேதி சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் கண்ணை மூடினார்.

திப்பு அப்போது மலையாளக் கரையில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை விஷயம் வெளியே தெரியக் கூடாது. ஆகவே உடலை ஒரு பெட்டியில் வைத்து, பொக்கிஷம் போவது போலக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கம் நடந்தது.

திண்டுக்கல் கோட்டையை 1783-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1784 உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள். 1790-இல் மறுபடி பிடித்தார்கள். 1792-இல் திப்பு விட்டுக் கொடுத்த நாட்டில் திண்டுக்கல்லும் போயிற்று. பாறையில் வெட்டிய படிகளில் இப்போது விடுமுறை நாளில் குழந்தைகள் மூச்சு வாங்க ஏறுகிறார்கள். மேலே நின்றால் கீழே ஊரும், தூரத்தில் சிறுமலையும் தெரியும்.