கண்ணதாசன்

கண்ணதாசன் (ஜூன் 24, 1927 – அக்டோபர் 17, 1981) புகழ் பெற்ற தமிழ்த் திரைப்படப் பாடலாசிரியரும் கவிஞரும் புதின எழுத்தாளரும் ஆவார். பழந்தமிழ் அகப்பாடல்களின் கருத்துகளை எளிய தமிழில் திரைப்படக் காதல் பாடல்களுக்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

இவரது இயற்பெயர் முத்தையா. இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள சிறுகூடல்பட்டியில் பிறந்தார். எட்டாம் வகுப்பு வரையே பள்ளிக் கல்வி பெற்றார். இலக்கியப் பயிற்சியைத் தம் சொந்த வாசிப்பின் மூலமே பெற்றுக்கொண்டார். 1949 இல் வெளிவந்த கன்னியின் காதலி திரைப்படத்தில் பாடலாசிரியராக அறிமுகமானார். திராவிட முன்னேற்றக் கழகத்தில் இருந்த இவர் 1961 இல் அதிலிருந்து விலகினார்.

காதல் பாடல்களின் மொழி

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க காலக் காதல் பாடல்கள் பலவும் வடசொற்கள் மிகுந்த கீர்த்தனை நடையில் அமைந்திருந்தன. கண்ணதாசன் பாமரரும் பேசும் சொற்களைக் கொண்டே காதலைப் பாடினார். அதற்குத் தமிழின் சொல்லமைப்பையும் பயன்படுத்தினார்.

* பலே பாண்டியா (1962): காய்களின் பெயர்களை அடுக்கிச் செல்லும் பாடலில், 'காய்' என்பது காயையும் நிலவு காய்வதையும் ஒருங்கே குறிக்கிறது. காய்கறிப் பட்டியல் போல் ஒலிப்பது, நிலவை நோக்கிக் காதலர் பேசும் பேச்சாகிறது.
* வீர அபிமன்யு (1965): தன்மை ஒருமை இறந்தகால வினைமுற்றுகள் 'தேன்' என முடிவதைக் கொண்டு ஒரு பாடல் முழுவதும் அமைந்துள்ளது. காதலர் தம் செயலைக் கூறும் ஒவ்வொரு சொல்லிலும் தேன் என்ற பொருளும் கலந்து ஒலிக்கிறது.
* வாழ்க்கைப் படகு (1965): முன்பின் அறியாத இருவர் நெஞ்சம் கலத்தலைக் கூறும் குறுந்தொகை 40 ஆம் பாடலின் கருத்தும், தலைவன் நோக்கும்போது தலைவி நிலம் நோக்குவதைக் கூறும் 1094 ஆம் குறளின் கருத்தும் ஒரே பாடலில் எளிய நடையில் இடம்பெற்றுள்ளன.

சங்க இலக்கியத்தை நூல்வழி கற்க வாய்ப்பில்லாத பலரும் அதன் கருத்துகளை இத்தகைய பாடல்களின் வழியே, அவை எங்கிருந்து வந்தவை என அறியாமலே, கேட்டுப் பழகினர்.

விருதுகளும் மறைவும்

1978 இல் தமிழ்நாட்டின் அரசவைக் கவிஞராக நியமிக்கப்பட்டார். 1980 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது இவரது சேரமான் காதலி புதினத்திற்கு வழங்கப்பட்டது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் காலமானார். இவர் இறுதியாக எழுதிய பாடல், இவரது மறைவுக்குப் பின் 1982 இல் வெளிவந்த மூன்றாம் பிறை திரைப்படத்தில் இடம்பெற்றது. அது ஒரு தாலாட்டுப் பாடல் ஆகும்.