உலகம் சுற்றிக் கடன் அடைத்த எழுத்தாளர் மார்க் டுவைன்

டாம் சாயர், ஹக்கிள்பெரி ஃபின் கதைகளைப் படித்தவர்கள் மார்க் டுவைனை நகைச்சுவை எழுத்தாளராகவே நினைவில் வைத்திருப்பார்கள். 58 வயதில் திவாலாகி, ஊர் ஊராக மேடையேறி அவர் கடன் அடைத்த கதை பலருக்குத் தெரியாது. மாதச் சம்பளம் இல்லாமல், வேலை கிடைத்தால் மட்டுமே காசு பார்க்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

1835-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் சாமுவேல் கிளெமன்ஸ். 11 வயதில் தந்தையை இழந்தார். சிறுவயதிலேயே அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குப் போனார். பிறகு மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்டினார். அதன்பின் பத்திரிகை எழுத்து, மேடைப்பேச்சு, புத்தகம் என்று வாழ்க்கை மாறியது. புத்தகம் விற்றால் பணம் வரும். அடுத்த புத்தகம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

அவருக்கு வருமானம் குறைவாக இருந்ததே இல்லை. வந்த பணம் போன வழிதான் சிக்கல். ஹார்ட்ஃபோர்டு நகரில் பெரிய வீடு, வேலையாட்கள், ஓயாத விருந்தினர் என்று செலவு ஒருபுறம். மறுபுறம் ஓர் இயந்திரம். கையால் எழுத்துக் கோத்து வளர்ந்தவர் என்பதால், அந்த வேலையைத் தானே செய்யும் பெய்ஜ் இயந்திரத்தைக் கண்டதும் மயங்கினார். 1880 தொடங்கி அதில் பணம் போட்டார். சுமார் 18,000 பாகங்கள் கொண்ட அது, ஓடிய நேரத்தைவிடப் பழுதாகி நின்ற நேரமே அதிகம். போட்டதை மீட்க மேலும் போட்டார். இதற்கிடையே போட்டி இயந்திரமான லைனோடைப் பத்திரிகை அலுவலகங்களைப் பிடித்துக்கொண்டது.

1884-இல் சொந்தப் பதிப்பகமும் தொடங்கினார். முன்னாள் அதிபர் கிராண்டின் நினைவுக்குறிப்புகள் அமோகமாக விற்று, கிராண்டின் மனைவிக்கு மட்டும் 400,000 டாலர் அளவில் உரிமத்தொகை கிடைத்தது. பின்னர் வந்த நூல்கள் அப்படி ஓடவில்லை. 1893-இல் அமெரிக்காவில் பணநெருக்கடி வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் பதிப்பகம் திவாலானது. சுமார் நூறு பேருக்கு ஏறத்தாழ 100,000 டாலர் பாக்கி.

அப்போது கைகொடுத்தவர் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஹென்றி ரோஜர்ஸ். அவர் முதலில் நூல்களின் பதிப்புரிமையை டுவைனின் மனைவி ஒலிவியா பெயருக்கு மாற்றினார். பதிப்பகம் ஒலிவியாவுக்கும் கடன்பட்டிருந்ததால் அதற்கு வழி இருந்தது. பிழைப்புக்கான கருவியையே கடனுக்கு இழந்துவிட்டால் அடைப்பதற்கு வழி ஏது? இரண்டாவதாக, டுவைனின் பணப் பொறுப்பு முழுவதையும் ரோஜர்ஸ் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

ஒரு பகுதியை மட்டும் கொடுத்துக் கணக்கை முடித்திருக்கலாம். ஆனால் முழுத் தொகையும் கொடுக்க வேண்டும் என்பதில் ஒலிவியா உறுதியாக இருந்தார். டுவைனும் அதை ஊரறிய ஏற்றுக்கொண்டார்.

1895 ஜூலையில் கிளீவ்லாந்தில் மேடைப் பயணம் தொடங்கியது. காலில் பெரிய கட்டியோடுதான் புறப்பட்டார். மனைவியும் மகள் கிளாராவும் உடன் சென்றனர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முடித்துக் கொழும்பு வழியாக 1896 ஜனவரியில் பம்பாய் சேர்ந்தார். காசி, கல்கத்தா, டார்ஜிலிங், லாகூர் என்று சுற்றினார். திரும்பும் வழியில் அவருடைய கப்பல் சென்னையிலும் ஒரு நாள் நின்றது. தென்னாப்பிரிக்காவில் 1896 ஜூலையில் பயணம் முடிந்தது. சம்பாதித்த பணம் ரோஜர்ஸிடம் சேர்ந்தது.

அடுத்த மாதமே இடி விழுந்தது. அமெரிக்காவில் விட்டுவந்த மூத்த மகள் சூசி, 24 வயதில் மூளைக்காய்ச்சலால் இறந்தார். தாயும் தங்கையும் அவரைப் பார்க்கக் கப்பலில் போய்க்கொண்டிருந்தனர். டுவைன் இங்கிலாந்தில் தனியாக இருந்தபோது தந்தி வந்தது. அந்த ஹார்ட்ஃபோர்டு வீட்டில் குடும்பம் மீண்டும் வாழவே இல்லை.

துக்கத்திலும் பயணநூலை எழுதி முடித்தார். 1897-இல் நியூயார்க் நாளேடு ஒன்று அவருக்காக நிதி திரட்டத் தொடங்கியபோது, குடும்பத்தினர் விரும்பாததால் அது நிறுத்தப்பட்டது. 1898 தொடக்கத்தில் கடைசிக் கடன்வரை அடைபட்டது.

ஆனால் பழைய ஆசை போகவில்லை. அதே ஆண்டு வியன்னாவில், துணி நெசவுக்கு வடிவம் வரையும் இயந்திரம் ஒன்றைக் கண்டு மீண்டும் மயங்கினார். இம்முறை பணம் போடுவதற்கு முன் ரோஜர்ஸிடம் கேட்டார். ரோஜர்ஸ் விசாரித்துப் பார்த்து, சந்தை இல்லை என்றார். டுவைன் விலகிக்கொண்டார்.

1910 ஏப்ரல் 21-ஆம் நாள் அவர் காலமானபோது அந்தப் பழைய கடனில் ஒரு டாலர்கூட மிச்சமில்லை. கடனை அடைத்தது அவருடைய உழைப்பு. மறுபடி கடனில் விழாமல் காத்தது, வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் முன்கூட்டியே கேட்கும் பழக்கம்.