நுண்ணலை அடுப்பைத் தந்த பெர்சி ஸ்பென்சர்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹவ்லண்ட் என்னும் சிற்றூரில் 1894-ஆம் ஆண்டு பிறந்தவர் பெர்சி ஸ்பென்சர். ஒன்றரை வயதில் தந்தையை இழந்தார். தாயும் பிரிந்து சென்றார். உறவினர் தம்பதி அவரை வளர்த்தனர். அவருக்கு ஏழு வயதானபோது வளர்ப்புத் தந்தையும் காலமானார். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு, நூல் சுற்றும் மரக்கட்டைகள் செய்யும் ஆலையில் விடியலிலிருந்து அந்திவரை உழைக்கத் தொடங்கினார். முறையான கல்வி அத்தோடு முடிந்தது.

பக்கத்திலிருந்த காகித ஆலை மின்சாரத்துக்கு மாறப்போவதை அறிந்து, பதினாறாம் வயதில் அங்கே சேர்ந்தார். மின் இணைப்பு வேலையைச் செய்துகொண்டே கற்றார். 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது அதன் கம்பியில்லாத் தந்தி இயக்குநர்கள் ஆற்றிய பணி அவரைக் கவர்ந்தது. கடற்படையில் சேர்ந்து, இரவுக் காவல் நேரங்களில் பாடநூல்களைப் படித்து வானொலித் தொழில்நுட்பத்தில் தேர்ந்தார். 1920-களில், அப்போது சிறிய நிறுவனமாக இருந்த ரேதியானில் பணியேற்றார்.

அவருடைய பெயரோடு சாக்லேட் கதையே ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் அவர் செய்த பெரிய வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது. 1940-இல் பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவான கேவிட்டி மேக்னட்ரான், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீள அலைகளை மிகுந்த ஆற்றலுடன் உமிழ்ந்தது. விமானத்தில் பொருத்தும் அளவுக்கு ரேடாரைச் சிறிதாக்க அது வழி திறந்தது. போரின் நெருக்கடியில் பிரிட்டன் அதை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. ஆனால், கெட்டியான செம்புப் பாளத்தை நுட்பமாகக் குடைந்து செய்யவேண்டியிருந்ததால் உற்பத்தி மந்தமாகவே நடந்தது. ஸ்பென்சர் பாளத்தையே கைவிட்டார். மெல்லிய தகடுகளை வெட்டி, அடுக்கி, உலையில் ஒன்றாகப் பற்றவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். போர் முடியும் தறுவாயில் ரேதியான் நாளொன்றுக்குச் சுமார் 2,600 மேக்னட்ரான்களைத் தயாரித்தது. அமெரிக்கக் கடற்படை அவருக்கு உயரிய பொதுச்சேவை விருதை வழங்கியது.

1945-இல் இயங்கிக்கொண்டிருந்த மேக்னட்ரான் அருகே நின்றபோது அவருடைய சட்டைப்பையிலிருந்த இனிப்புக்கட்டி இளகியது. அது நிலக்கடலை மிட்டாய் என்போரும் உண்டு. அந்தக் குழாய்களின் வெம்மையை வேறு பலரும் உணர்ந்திருந்தனர். அதை என்னவென்று ஆராயத் துணிந்தவர் அவரே. சோளத்தை வைத்தார், பொரிந்தது. முட்டையை வைத்தார்; எட்டிப்பார்த்த சக ஊழியர் ஒருவரின் முகத்தில் அது வெடித்துச் சிதறியது. அதே ஆண்டு அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1950-இல் கிடைத்தது. நிறுவன வழக்கப்படி அவருக்குக் கிடைத்த சன்மானம் இரண்டு டாலர்.

இன்றைய வீட்டு அடுப்பின் அலைகள் விநாடிக்கு 245 கோடி முறை அதிர்கின்றன. நீர் மூலக்கூறின் ஒரு முனையில் நேர்மின் தன்மையும் மறுமுனையில் எதிர்மின் தன்மையும் உண்டு. திசை மாறும் மின்புலத்தோடு சேர்ந்து திரும்ப முயலும் மூலக்கூறுகள் அண்டையிலுள்ளவற்றோடு மோத, அந்த அலைக்கழிப்பே வெப்பமாகிறது. உணவு உள்ளிருந்து வெளியே வேகிறது என்பது தவறான நம்பிக்கை. அலைகள் சில சென்டிமீட்டர் ஆழம்தான் புகும். அதற்கப்பால் வெப்பம் மெல்லக் கடந்து செல்லவேண்டும். அடுப்புக்குள் அலைகள் ஓரிடத்தில் வலுத்தும் ஓரிடத்தில் நலிந்தும் நிற்பதால்தான் தட்டு சுழல்கிறது.

1947-இல் விற்பனைக்கு வந்த ரேடாரேஞ்ச், ஆள் உயரமும் 340 கிலோ எடையும் கொண்டது. விலை ஏறக்குறைய 5,000 டாலர். உணவகங்களைத் தவிர யார் வாங்குவார்கள்? மேசைமேல் வைக்கத்தக்க வீட்டு அடுப்பு 1967-இல் 495 டாலருக்கு வந்தது. 1970 செப்டம்பரில் ஸ்பென்சர் மறைந்தார். அந்த அடுப்புக்குள் நெகிழிக் கிண்ணங்கள் பெருமளவில் குடியேறியதை அவர் பார்க்கவில்லை.

பெரும்பாலான நெகிழிகளை நுண்ணலை ஊடுருவிச் சென்றுவிடும். சூடான உணவே கலனைச் சூடாக்குகிறது. நீர் மிகுந்த உணவு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்றுவிட, எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்தது அதைத் தாண்டிவிடும். பாலிஸ்டைரின் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகும். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி அளவில்தான் உருகும். ஆனால், உருகாமல் இருப்பதும் உணவில் எதுவும் கலக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. பாலிகார்பனேட்டிலிருந்து கசியும் பிஸ்ஃபினால்-ஏ குறித்த கவலையால் குழந்தைகளின் பால் புட்டிகளில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் தடை விதித்தது.

2023-இல் நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழந்தை உணவுக் கலன்களில் நீரையும் நீர்த்த அமிலத்தையும் ஊற்றி நுண்ணலை அடுப்பில் மூன்று நிமிடம் சூடாக்கினர். சில கலன்களின் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்நெகிழித் துகள்களும், 200 கோடிக்கும் மேற்பட்ட மீநுண் துகள்களும் வெளியேறின. அவை மனித உடலில் என்ன செய்கின்றன என்பதற்கு அறிவியல் இன்னும் முடிவான விடை தரவில்லை. விடை வரும்வரை, குறிப்பாகக் குழந்தையின் உணவை, கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றிச் சூடாக்குவதற்குக் கூடுதலாகச் செலவாவது அரை நிமிடம்தான்.