சிற்பி லூயி சுலோபோட்கின்

அமெரிக்காவின் ஆல்பனி நகரில் 1903ஆம் ஆண்டு பிறந்தவர் சிற்பி லூயி சுலோபோட்கின். 1939இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்கென, இளவயது ஆபிரகாம் லிங்கனை வேலி மரங்களைப் பொருத்தும் தொழிலாளியாக வடித்தார். அதிகாரிகளோ அவருக்கு அறிவிக்காமலே அச்சிலையை உடைத்தெறிந்தனர். உழைப்பாளியின் உருவத்திற்கு நேர்ந்த இக்கொடுமை நம் நெஞ்சையும் சுடுகிறது. பின்னர் அச்சிற்பம் வெண்கலத்தில் வார்க்கப்பெற்று, வாஷிங்டனில் அரசாங்கக் கட்டடமொன்றில் இடம்பெற்றது.

சிறுவர் இலக்கியத்திற்கு அவரை அழைத்து வந்தது நட்பு. தோழி எலினார் எஸ்டசின் கதைநூலுக்கு 1941இல் படம் வரைந்தார். நோயுற்ற இளவரசி நிலவைக் கேட்பதாக ஜேம்ஸ் தர்பர் எழுதிய கதைக்கு அவர் தீட்டிய படங்கள், 1944இல் கால்டிகாட் பதக்கம் பெற்றன. அம்புலியைக் கேட்டு அழாத குழந்தை நம்மிடையே உண்டோ? தாமே கதைகள் எழுதவும் தொடங்கினார். ஆப்பிள் மரத்தடியில் விண்கலம் வந்திறங்கும் அவரது கதை வெளிவந்தது 1952இல். மனிதன் நிலவில் கால்பதித்ததோ 1969இல்! அதனையும் கண்டு, 1975இல் மறைந்தார்.