மாணாக்கர் கவியைத் திருத்திய மகாவித்துவான்

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1815-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ஆம் தேதி, சிதம்பரம் பிள்ளையென்பாரின் புதல்வராய்த் தோன்றினர். தந்தையாரிடமே தமிழ் பயிலத் தொடங்கி, புராணங்களும் பிரபந்தங்களும் பல இயற்றிப் புகழெய்தினர். எனினும், நாம் ஈண்டுச் சிந்திக்கப் புகுந்தது அவர்கள் பாடஞ்சொன்ன பெருமையையே யாம்.

சமய வேற்றுமை பாராது அவர்கள் கற்பித்தனர். கிறிஸ்தவராகிய புதுவைச் சவராயலு நாயகரும், முகம்மதியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவர்கள்பாற் பாடங்கேட்டோரே. தமக்குப் பொருள்முட்டு நேர்ந்த காலத்தும் மாணாக்கருக்கு அன்னமளித்துக் கற்பித்தனர். அவர்தம் செய்யுட்களை அன்புடன் கேட்டுத் திருத்தினர்.

வல்லூர்த் தேவராச பிள்ளையென்னும் மாணாக்கர்திறத்தில் அவ்வன்பு எல்லை கடந்தது. பிள்ளையவர்கள் பாடிய குசேலோபாக்கியானம் அம்மாணாக்கர் பெயராலேயே வெளிவந்தது. ஆசிரியரின் பெருந்தன்மையை நாம் வியக்கின்றோம். ஆயினும், நூலைக் கொடுக்கலாம். நூலியற்றும் ஆற்றலை அங்ஙனம் கொடுத்தல் இயலுமோ?

1871-ஆம் வருஷம் வந்தடைந்த சாமிநாதையரவர்கள் பெற்றது வேறு. ஆசிரியர் பாடப்பாட ஏட்டிலெழுதி, ஒரு சொல் நின்ற இடத்தில் அது நிற்குங் காரணத்தை உடனிருந்து உணர்ந்தனர். 1876-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி ஆசிரியர் மறைந்த பின்னும் அப்பயிற்சி மறையவில்லை. 1887-இல் சீவகசிந்தாமணிப் பதிப்பாக வெளிப்பட்டது. ஆசிரியர் சரித்திரத்தையும் 1933, 1934-ஆம் வருஷங்களில் இரு பாகங்களாக அவர் வெளியிட்டனர்.

ஆதலின், நம் வியாசங்களைப் பார்வையிடும் ஆசிரியரிடம் நாம் வேண்டத்தக்கது பிழைகாட்டும் கோடுகளே. எழுதி முடித்த வியாசமன்று. மீண்டும் எழுதுதல் நம் கடமையாம்.