அரைப்பேர் போடாத தந்தை



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஹட்டன் பகுதித் தோட்டமொன்றின் சிற்றாலயத்தில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை நடத்திக்கொண்டிருந்தேன். கடவுள் நம் தந்தை என்பதே அன்றைய பாடம். அந்தத் தந்தையைத் தாங்கள் எண்ணிப் பார்க்கும் விதத்தில் வரைந்து தருமாறு சிறுவர்களிடம் கூறினேன். ஒருவன் வெண்தாடி வைத்த முதியவரை வரைந்தான். இன்னொருவன் மேகத்தின்மேல் ஒரு பெரிய நாற்காலியை வரைந்தான். ஒரு சிறுமி மட்டும் தாளை வெறுமையாகவே திருப்பித் தந்தாள். காரணம் கேட்டபோது, சம்பள நாளின் இரவில் தன் அப்பா வீட்டுக்கு வருவதுபோலத்தான் கடவுளும் வருவாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இறையியல் கற்ற என்னிடம் அந்த நொடியில் விடை இருக்கவில்லை.

அச்சிறுமியின் கேள்வி உங்களுடையதாகவும் இருக்கலாம். தந்தை என்ற சொல் எல்லார் நெஞ்சிலும் ஒரே ஒலியை எழுப்புவதில்லை. சிலருக்கு அது இனிக்கிறது; சிலருக்கு வலிக்கிறது. வேறு சிலருக்கோ கடவுள் தந்தையாக அன்றி, தோட்டத்துத் துரையாகவே தோன்றுகிறார். அதிகாலைப் பனியில் பெரட்டுக்களத்தில் நின்று பழகியவர்கள் நாம். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது எடை குறைந்தால், நாள் முழுவதும் மலையில் நின்றவளுக்கும் அரைப்பேர்தான். கடவுளும் அப்படியே ஒரு செக்றோலை விரித்து வைத்துக்கொண்டு நம் செபத்தையும் தவத்தையும் நிறுத்துப் பார்க்கிறார் என்றும், குறைந்தால் பிள்ளையின் நோயாகவோ வீட்டின் வறுமையாகவோ கழித்துவிடுகிறார் என்றும் நம்மில் எத்தனை பேர் எண்ணிக் கலங்குகிறோம்!

இந்த எண்ணத்தை மாற்றுவதற்கு நம் மலைநாட்டிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு புனிதரின் வாழ்வு போதும். தைப்பொங்கலின் இனிமை அடங்குமுன்னே, ஆண்டுதோறும் ஜனவரி 16ஆம் நாள் நாம் விழாக் கொண்டாடும் புனித யோசப் வாஸ் அடிகளாரே அவர்.

கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கொங்கணிக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை கிறிஸ்தோபர் வாஸ். தாய் மரிய த மிராந்தா. 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறு ஆண்டிலேயே தம்மைத் தேவதாயின் அடிமையாக எழுதிக் கையொப்பமிட்டு ஒப்புக்கொடுத்தார். உலகில் எவருக்கும் எசமானாக இருக்க விரும்பாத மனம் அது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு அவர் தந்தையாக விளங்கியதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிறர்மேல் ஆட்சி செலுத்தும் ஆசையை விட்டவரே பிறருக்குத் தந்தையாக முடியும்.

அக்காலத்து இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், திருப்பலி தடைசெய்யப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒப்புரவுக்கும் நற்கருணைக்கும் வழியின்றி மக்கள் தவித்தனர். இந்த மக்களின் நிலையைக் கேள்வியுற்ற யோசப் வாஸ் அடிகளாரால் கோவாவில் அமைதியாக இருக்க முடியவில்லை. 1685இல் அங்கு உருவான ஒரட்டோரியன் குழுவின் தலைவராக இருந்த அவர், அப்பொறுப்பைத் துறந்து புறப்பட்டார். குருவுக்குரிய உடையைக் களைந்து, ஏழைக் கூலியாள் கோலத்தில், ஜோன் என்னும் உண்மையுள்ள பணியாளர் ஒருவரோடு 1687இல் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

வந்தவரை வரவேற்றது நோய்தான். கடுமையான வயிற்றுக்கடுப்பால் வருந்தி, உயிர் பிழைப்பதே அரிது என்னும் நிலைக்கு ஆளானார். சற்றே தேறியதும் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டதும் எவர் முகம் மாறுகிறது, எவர் கண் கலங்குகிறது என்று கவனித்தார். பிள்ளைகள் தந்தையைத் தேட வழியில்லாதபோது, தந்தையே பிச்சைக்காரனாக வாசலுக்கு வருகிறார். நற்செய்தியில் இயேசு சொன்ன உவமை உங்கள் நினைவுக்கு வருகிறதா? ஊதாரி மகன் இன்னும் தொலைவில் வரும்போதே, தன் மதிப்பையும் வயதையும் பாராது ஓடிச்சென்று கட்டித் தழுவிய அந்தத் தந்தையை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் மகனிடம் கணக்குக் கேட்கவில்லை.

சில்லாலையை மையமாகக் கொண்டு அடிகளார் இரவு நேரங்களில் இரகசியமாகத் திருப்பலி நிறைவேற்றினார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் பலரைக் கைதுசெய்தபின், கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். அங்கிருந்து 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற பொய்க்குற்றச்சாட்டு அவருக்கு முன்பே அங்கு சென்றுவிட்டதால், மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டார். சிறையில் அவர் சிங்கள மொழியைக் கற்றார். ஒரு குடிலமைத்து அதையே ஆலயமாக்கினார். கடும் வறட்சி நிலவிய ஒரு காலத்தில் மழை வேண்டி அவர் மன்றாடியபோது, பெருமழை பொழிந்தது என்றும், பீடமும் அதன்முன் முழந்தாளிட்டிருந்த அவரும் மட்டும் நனையவில்லை என்றும் மரபு கூறுகிறது. அதன்பின் மன்னரின் நல்லெண்ணம் அவருக்குக் கிடைத்தது.

ஆயினும், தந்தையாம் கடவுளின் முகத்தை அவர் கண்டி மக்களுக்குக் காட்டிய நாள்கள் 1697இல் வந்தன. அவ்வாண்டு தலைநகரைப் பெரியம்மை தாக்கியது. அந்நோய்க்கு அன்று மருந்தில்லை. தொட்டால் தொற்றும் என்ற அச்சம் உறவைவிட வலிமையாயிற்று. பெற்றோர் பிள்ளைகளையும் பிள்ளைகள் பெற்றோரையும் கைவிட்டு ஓடினர். நோயாளர் காடுகளிலும் தெருவோரங்களிலும் தனித்துக் கிடந்தனர். ஓட முடிந்தவர் எல்லாரும் ஓடிய அந்த வேளையில், ஓடாமல் நின்றவர் யோசப் வாஸ் அடிகளார். தம் உறவினரும் உடன்குருவுமான யோசப் கர்வால்யோவின் துணையோடு கைவிடப்பட்டவர்களைத் தேடி எடுத்தார், தங்க இடமும் உண்ண உணவும் தந்தார், புண்களைக் கழுவினார், இறந்தவர்களைத் தம் கைகளால் அடக்கம் செய்தார். நோயுற்றவர் கத்தோலிக்கரா பௌத்தரா, தம்மை ஏற்றவரா எதிர்த்தவரா என்று அவர் ஆராயவில்லை.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள், அன்பர்களே. அந்த நோயாளர் அவருக்கு என்ன தந்தார்கள்? ஒன்றுமில்லை. பலர் நன்றி கூறவும் உயிரோடு இருக்கவில்லை. தகுதியைக் கணக்கிட்டிருந்தால் அவர் பாதிப்பேரைத் தெருவிலேயே விட்டிருக்கலாம். அவர் அப்படிக் கணக்கிடவில்லை. ஏனெனில், அவர் அறிந்த கடவுள் அப்படிக் கணக்கிடுகிறவர் அல்லர். நல்லோர்மீதும் தீயோர்மீதும் ஒன்றுபோல் கதிரவனை உதிக்கச்செய்து மழை பொழிவிக்கிறவர் நம் வானகத் தந்தை என்று மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்தார். அதைத்தான் கண்டி மக்கள் ஒரு மனிதரின் கைகளில் கண்டனர். நோயை ஏன் கடவுள் அனுமதித்தார் என்று அடிகளார் அவர்களுக்கு விளக்கியிருந்தால்கூட, அது அவர்களுக்குத் தந்தையைக் காட்டியிராது. புண்ணைக் கழுவிய அந்தக் கைகளே காட்டின.

அதன்பின்னும் அவர் ஓயவில்லை. மறைக்கல்வி நூல்களையும் செபங்களையும் மக்களின் தாய்மொழிகளான தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்கச் செய்தார். தந்தையோடு பிள்ளை தன் மொழியில்தானே பேசும்! 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், அப்பணியைத் தொடர்ந்து இரு மொழிகளிலும் நூல்கள் பல யாத்தார். ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்த யோசப் வாஸ், ஒருமுறையேனும் தம் ஊருக்குத் திரும்பவில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், தமது 59ஆம் வயதில், கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் எதுவென்று இன்று உறுதியாகக் காட்ட முடியாது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலி முகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் உயர்த்தினர்.

அவர் கண்டியில் வாழ்ந்த நாளில், ஹட்டனும் நுவரெலியாவும் அடர்ந்த காடாக இருந்தன. தேயிலை என்ற பேச்சே இல்லை. நம் முன்னோர் இங்கு வந்தது அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே. 1820களிலிருந்து கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும், அவரைப் போலவே கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்தனர். வழியிலேயே நோயால் மாண்டவர் எத்தனையோ பேர்; அவர்களுக்கும் கல்லறை இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியினரை நாடற்றவர்கள் ஆக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை, தாங்கள் எந்த நாட்டின் பிள்ளைகள் என்று தெரியாமலே பலர் கண்மூடினர்.

ஆனால், அந்த ஆண்டுகளிலும் நம் சிற்றாலயங்களின் திருமுழுக்குப் பதிவேடுகளில் அவர்களின் பெயர்கள் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. அரசின் பேரேட்டில் இல்லாத பெயர், கடவுளின் பிள்ளை என்ற பேரேட்டில் முழுமையாக இருந்தது. நம் தந்தை எவருக்கும் அரைப்பேர் போடுவதில்லை. கூடை நிறைந்தாலும் நிறையாவிட்டாலும், மலைக்கு வர இயலாமல் நோயில் படுத்துவிட்டாலும், பிள்ளை பிள்ளைதான். பாவம் செய்தால் அவர் வருந்துகிறார், திருத்துகிறார். பிள்ளை என்ற உரிமையை மட்டும் வெட்டிவிடுவதில்லை.

தாளை வெறுமையாகத் தந்த அந்தச் சிறுமிக்கு அடுத்த ஞாயிறு புனித யோசப் வாஸ் அடிகளாரின் கதையைச் சொன்னேன். எல்லாரும் ஓடியபின்னும் ஓடாமல் நின்றவர் போன்றவர் கடவுள் என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என்றாலும், வகுப்பு முடிந்து மற்றவர்கள் வெளியே ஓடியபோது, அவள் நோயாளி ஒருவரையும் அருகில் அமர்ந்திருக்கும் இன்னொருவரையும் வரைந்துகொண்டிருந்தாள்.

உங்கள் தந்தையால் காயப்பட்டவரா நீங்கள்? அந்தக் காயத்தை வைத்து வானகத் தந்தையை அளக்காதீர்கள். வானகத் தந்தையின் அன்பைக் கொண்டே, உங்களுக்குக் கிடைக்காமற்போனது எது என்பதை உணர்ந்துகொள்ளுங்கள். அதை அவரிடமே கேளுங்கள். நீங்கள் ஒரு தந்தையா? உங்கள் பிள்ளை கடவுளைப் பற்றிக் கற்கும் முதல் பாடம் மறைக்கல்வி நூலில் இல்லை. மாலையில் நீங்கள் லயத்து வாசலில் காலடி எடுத்து வைக்கும்போது, அது ஓடி வருகிறதா, ஒளிந்துகொள்கிறதா என்பதில் இருக்கிறது. அடுத்த சம்பள நாளன்று, வழியில் எங்கும் தங்காமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஆண்டவர் கற்பித்த செபத்தை அவர்களோடு மெதுவாகச் சொல்லுங்கள். அன்றிரவு, தந்தை என்ற சொல் உங்கள் வீட்டில் அச்சமின்றி ஒலிக்கட்டும்.

புனித யோசப் வாஸ் அடிகளாரே, நீர் நடந்த இம்மலைகளில் வாழும் எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.